பிடியரிசியிலிருந்து பிரசங்க பீடம் வரை

அத்தியாயம் 5: சபைக்குள் பெண் தலைவர்களைக் கண்டெடுப்பதும் பழக்குவதும்

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பது நம் சபைப் பெண்களின் பழைய வழக்கம். அந்த அரிசி கோயிலுக்கு வரும், விலையாகும், காணிக்கையாகும். அப்படிச் சேர்ந்த பணத்தில் கோயிலுக்கு விளக்கு வாங்கியிருக்கிறார்கள், உபதேசியார் சம்பளத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், உடைந்த ஓட்டை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று பேசிய கமிட்டியில், பிடியரிசி எடுத்துவைத்தவர்களில் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. பானை போய் காணிக்கைக் கவர் வந்துவிட்டது. கமிட்டி மட்டும் பல சேகரங்களில் பழையபடியே இருக்கிறது.

இந்த மண்ணில் சபை தொடங்கிய விதத்தைப் பார்த்தால் இது விசித்திரம்தான். 1778-ல் பாளையங்கோட்டையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா ஒரு பிராமண விதவை. 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். அவற்றில் முதல் பெயர் அவருடையது. அவர் முன்னின்று கட்டிய சிறு கோயிலை 1785-ல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொன்னது. குருவானவர் யாரும் அங்கே குடியிருக்காத காலத்தில் அந்தச் சின்னக் கூட்டத்தைக் கட்டிக் காத்தவர் அவர். அதற்குப் பின்வந்த நூற்றாண்டில் வேதப்புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வீடுவீடாக நடந்த பைபிள் உமன்கள், ஆண் ஊழியர் நுழைய முடியாத உள்ளறைகளுக்கெல்லாம் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரி 1895-லேயே பெண்களுக்காகத் திறந்தது. ஆகவே படிப்பும் பக்தியும் துணிவும் நம் பெண்களிடம் எப்போதோ வந்துவிட்டன. பொறுப்புதான் வந்து சேரவில்லை.

பொறுப்பு என்று நான் சொல்வது மூன்றை: கணக்கு நோட்டு, கமிட்டி நாற்காலி, பிரசங்க பீடம். இந்த மூன்றையும் கையில் கொடுத்துப் பழக்காமல், "பெண்கள் தலைமைத்துவப் பயிற்சி முகாம்" என்று இரண்டு நாள் கூட்டம் போட்டு, மதியம் பிரியாணி கொடுத்து, சான்றிதழும் கொடுத்து அனுப்புவதால் ஒன்றும் நடக்காது. அப்படிப்பட்ட முகாம்கள் பலவற்றில் நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்கும். அந்த அம்மா பழையபடி கோயில் அசன விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பிற சபையார் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வேலை ஒன்றுதான்.

யாரைத் தேடுவது

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. "தலைமைக்கு ஏற்ற பெண்" என்றதும் குருவானவரின் மகள், பள்ளித் தலைமையாசிரியை, டாக்டரம்மா என்று கண் மேலேயே போகிறது. அவர்களும் வேண்டும். ஆனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது வேறு. கடந்த ஒரு வருடத்தில் உங்கள் சபையில் நடந்த துக்க வீடுகளை நினைத்துப் பாருங்கள். யார் முதலில் போனார்கள்? கட்டில் போட இடம் ஒதுக்கி, வெளியூருக்குப் போன் செய்து, அழுகிற பிள்ளைகளை அடுத்த வீட்டில் சாப்பிட வைத்து, குருவானவர் வரும்வரை ஜெபித்துப் பாடிக் கூட்டத்தை நிறுத்தியது யார்? குடித்துவிட்டு அடிக்கும் புருஷனிடமிருந்து தப்பி ஓடி வருகிற பெண் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்? அந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சபை யாரும் சொல்லாமலே தேர்ந்தெடுத்துவிட்ட தலைவர் அவர்.

ஓய்வுநாள் பள்ளியில் பத்து வருடமாகப் பிள்ளைகளோடு இருப்பவரையும், பீடித் தொழிலாளியாக இருந்தாலும் தன் குழுவின் சேமிப்புக் கணக்கைப் பைசா பிசகாமல் வைத்திருப்பவரையும் பாருங்கள். சுயஉதவிக்குழு நடத்திப் பழகிய பெண்ணுக்குத் தீர்மானப் புத்தகம் என்றால் என்ன, வங்கியில் யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் கமிட்டியில் இருக்கும் பல ஆண்களைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் சபைகளில் சாதி இருக்கிறது. பட்டியல் போடும்போது சில தெருக்களின் பெயர்கள் தாமாகவே விட்டுப்போகின்றன. தலித் கிறிஸ்தவப் பெண் ஒருவர் பாடகர் குழுவில் பாடலாம், கோயில் கூட்டலாம், ஆனால் பொருளாளராக முடியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலே நடத்திக்காட்டுகிறார்கள். உங்கள் பட்டியலில் எந்தெந்தத் தெருக்கள் இருக்கின்றன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஒரே தெருவாக இருந்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். விதவைகளும் திருமணமாகாதவர்களும் அதில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். குளோரிந்தா இன்று உங்கள் சபையில் இருந்திருந்தால் பட்டியலில் வந்திருப்பாரா?

கேட்கும் விதமும் முக்கியம். "அக்கா, நீங்க கமிட்டிக்கு வரணும்" என்று கோயில் வாசலில் நின்று கேட்டால், "எனக்கென்ன தெரியும் ஐயா, என்னைய விட்டுருங்க" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை நம்பாதீர்கள். ஆண்களிடம் இதே கேள்வியைக் கேட்டால், தெரியாதவரும் தெரியும் என்பார். பெண்கள் தெரிந்ததையும் தெரியாது என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள். வீட்டுக்குப் போங்கள். அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டு, "போன மாசம் அந்த வீட்டில் நீங்கள் செய்ததைப் பார்த்தேன், அந்த வேலையைச் சபைக்கும் செய்ய வேண்டும்" என்று சொல்லுங்கள். வீட்டாரும் இருக்கும்போதே பேசுங்கள். மாமியாருக்குத் தெரியாமல் எடுக்கிற எந்த முடிவும் மூன்று மாதத்தில் முடிந்துபோகும். ஆனால் அனுமதி கேட்கிற தொனி வேண்டாம். அவருடைய அழைப்பை மதிக்கும்படி குடும்பத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை யார் சமைப்பார்கள், சின்னப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். ஆன்மீக அழைப்புகள் பல இந்தச் சின்னக் கேள்விகளில் சிக்கித்தான் நின்றுபோகின்றன.

முதல் வருடம்: நோட்டு, நாற்காலி, பீடம்

கணக்கிலிருந்து தொடங்குங்கள். பிரசங்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், கணக்குத் தெரிந்த பெண்ணை யாரும் ஓரங்கட்ட முடிவதில்லை. முதல் மூன்று மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணும் மேசையில் அவர்களை உட்கார வையுங்கள். எண்ணுவது, சிட்டையில் எழுதுவது, இரண்டு பேர் கையெழுத்து, திங்கட்கிழமை வங்கியில் கட்டுவது, ரசீதைக் கோப்பில் ஒட்டுவது என்று முழுச் சுற்றையும் அவர்கள் கையாலேயே செய்யட்டும். அடுத்த மூன்று மாதம் செலவுப் பக்கம்: வவுச்சர் இல்லாமல் ஏன் பணம் கொடுக்கக் கூடாது, ரொக்கப் புத்தகத்து இருப்பும் பாஸ்புக் இருப்பும் ஏன் ஒத்துப்போக வேண்டும், திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, தணிக்கையாளர் எதைக் கேட்பார். ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை வருட இறுதியில் அவர்களே ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும். சென்ற ஆண்டு அசனத்துக்கு எவ்வளவு, ஏழை மாணவர் உதவிக்கு எவ்வளவு என்று அருகருகே எழுதிப் பார்க்கும்போது அவர்களுக்கே கேள்விகள் எழும். அந்தக் கேள்விகள் எழுவதற்காகத்தான் இந்தப் பயிற்சி.

அடுத்து நாற்காலி. பதினைந்து பேர் கமிட்டியில் ஒரு பெண் இருந்தால் அவர் பார்வையாளர். இரண்டு பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மூன்று பேர் ஆனதும் பேச்சு மாறுகிறது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. தேர்தல் நேரத்தில் அணிகள் தங்கள் பட்டியலுக்கு ஒரு பெண் பெயர் வேண்டுமே என்று யாரையாவது சேர்ப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்படி வந்தவர் அந்த அணித் தலைவரைப் பார்த்துத்தான் கை தூக்குவார். உள்ளாட்சியில் நாம் பார்க்காததா? தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எத்தனையோ பெண்கள் அதில் நின்று, ஜெயித்து, ஊருக்குத் தண்ணீரும் சாலையும் கொண்டுவந்திருக்கிறார்கள். தலைவி நாற்காலியில் இருக்க, பக்கத்து நாற்காலியில் கணவர் பேசிக்கொண்டிருக்கும் ஊராட்சி அலுவலகங்களும் இருக்கின்றன. சேகரக் கமிட்டியில் அது நடக்காமலிருக்க ஒரே விதி போதும்: உறுப்பினர் மட்டுமே கூட்டத்துக்கு வர வேண்டும், உறுப்பினர் மட்டுமே பேச வேண்டும். "அவளுக்குப் பதிலா நான் வந்தேன்" என்பவரை மரியாதையோடு திருப்பி அனுப்புங்கள்.

கூட்ட நேரத்தை மாற்றுங்கள். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்கு முடிகிற கமிட்டி பெண்களை வெளியே நிறுத்துவதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் போதும். நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். பேசப்போவதை முன்கூட்டியே அறிந்த கூட்டம் டீக்கடையிலேயே முடிவெடுத்துவிட்டு வருகிறது. டீக்கடைக்குப் போகாதவர்களுக்கு இந்தக் காகிதம்தான் டீக்கடை. தீர்மானப் புத்தகத்தில் முன்மொழிந்தவர் பெயரை எழுதும் வழக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஒரு அம்மா சொன்ன யோசனை, பத்து நிமிடம் கழித்து ஓர் ஐயா வாயிலிருந்து வந்து, அவர் பெயரில் பதிவாவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

பீடத்துக்கு வருவோம். பெண்கள் ஞாயிறு என்று ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி, அன்று ஆராதனை முழுவதையும் பெண்கள் நடத்தி, மறுவாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடுவது நமக்குப் பழக்கம். அந்த நாளை நான் குறை சொல்லவில்லை. பலருக்கு முதல் துணிவு அங்கேதான் வந்தது. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டிக் கார் பழக முடியுமா? மாதம் ஒரு முறையாவது ஒருவர் வேதபாடம் வாசிக்க வேண்டும். இன்னொருவர் மன்றாட்டு ஜெபம் எழுதி நடத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் அருளுரை தர வேண்டும்.

அருளுரைக்குத் தயார் செய்யும் முறை இது. தேதிக்கு ஐந்து வாரம் முன்பே வேதபகுதியைக் கொடுங்கள். முதல் வாரம் அவர் அதைத் தினமும் வாசித்து, தோன்றும் கேள்விகளை மட்டும் எழுதட்டும். இரண்டாம் வாரம் குருவானவரோ, இறையியல் படித்த ஒருவரோ உட்கார்ந்து விளக்க நூல் ஒன்றை அவரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். மூன்றாம் வாரம், இந்தப் பகுதி நம் ஊருக்குச் சொல்வது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வைக்க வேண்டும். அந்த வாக்கியம் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நான்காம் வாரம் எழுதுவது. ஐந்தாம் வாரம் காலியான கோயிலில், மைக் போட்டு, நான்கு பேர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க, சொல்லிப் பார்ப்பது. போனில் பதிவு செய்துகொடுங்கள்; தன் குரலைத் தானே கேட்பதைப் போல ஒரு வாத்தியார் இல்லை. பன்னிரண்டு நிமிடம் போதும்.

பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். பெண் என்றால் மார்த்தாள் மரியாள், ரூத் நகோமி, நீதிமொழிகளின் கடைசி அதிகாரம் என்று கொடுப்பதை நிறுத்துங்கள். ஆமோஸ் கொடுங்கள். ரோமர் கொடுங்கள். பணத்தைப் பற்றி இயேசு சொன்ன உவமைகளைக் கொடுங்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவருக்கு ஆமோஸ் எப்படிப் புரிகிறது என்று சபை கேட்கட்டும்.

வேதம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு

கேட்பார்கள். கேட்பவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பெண்கள் சபையில் பேசக் கூடாது என்ற 1 கொரிந்தியர் 14:34-ஐயும், உபதேசிக்கக் கூடாது என்ற 1 தீமோத்தேயு 2:12-ஐயும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு பெரியவருக்கு, அவற்றைத் தாண்டிப் போவது வேதத்தையே தாண்டுவது போலத் தோன்றுகிறது. அவரைப் பரிகசிக்க வேண்டாம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான்கு வாரம் ஒதுக்கி, வேதத்தைத் திறந்து வைத்து, அவரையும் அழைத்து உட்கார வையுங்கள்.

முதல் வாரம் ரோமர் 16. அந்த அதிகாரத்தில் வரும் பெண்களை எண்ணச் சொல்லுங்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது புதிய செய்தியாக இருக்கும். முதல் வசனத்தில் பெபேயாள். நம் தமிழ் வேதாகமம் அவரை ஊழியக்காரி என்கிறது. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் டியாகோனோஸ். 1 கொரிந்தியர் 3:5-ல் பவுல் தன்னையும் அப்பொல்லோவையும் குறிக்கப் பயன்படுத்துவதும் அதே சொல்தான். மூன்றாம் வசனத்தில் பிரிஸ்கில்லாள் பெயரைக் கணவர் பெயருக்கு முன்னால் வைத்திருப்பதையும் காட்டுங்கள். அந்தத் தம்பதிதான் அப்பொல்லோவை வீட்டுக்கு அழைத்து மார்க்கத்தை விளக்கினார்கள் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது.

இரண்டாம் வாரம் தெபொராளும் உல்தாளும். நியாயாதிபதிகள் 4-ல் நாடே தெபொராளிடம் வழக்குத் தீர்த்துக்கொள்ள வந்தது. 2 இராஜாக்கள் 22-ல் நியாயப்பிரமாண புத்தகம் கண்டெடுக்கப்பட்டபோது அதைப் பற்றிக் கேட்க ராஜா அனுப்பிய ஆசாரியனும் மற்றவர்களும் போனது உல்தாள் என்ற பெண்ணிடம். மூன்றாம் வாரம் யோவான் 20: உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களிடம் கொண்டுபோகச் சொல்லி அனுப்பப்பட்டவர் மகதலேனா மரியாள்.

நான்காம் வாரம் அந்தக் கடினமான பகுதிகளுக்கு வாருங்கள். அவற்றைத் தவிர்த்துவிட்டால் உங்கள் பேச்சு நிற்காது. 1 கொரிந்தியர் 14-ல் பெண்கள் மட்டுமல்ல, இன்னும் இரண்டு தரப்பாரும் பேசாமலிருக்கச் சொல்லப்படுகிறார்கள்: அர்த்தம் சொல்ல ஆளில்லாதபோது அந்நிய பாஷை பேசுபவரும், இன்னொருவருக்கு வெளிப்பாடு வந்தபோது பேசிக்கொண்டிருப்பவரும். கூட்டத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதே அந்த அதிகாரத்தின் கவலை. மூன்று அதிகாரம் முன்னால், 11:5-ல், பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் நடப்பிலுள்ள ஒன்றாகவே பேசுகிறார். 1 தீமோத்தேயு அதைவிடக் கடினம். எபேசுவில் கள்ளப் போதனை பரவிய சூழ்நிலைக்கு எழுதப்பட்டது என்பது பலருடைய விளக்கம். எல்லாக் காலத்துக்கும் உரியது என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சொல்லுங்கள். என் முடிவு முதலாவதுதான். தென்னிந்தியத் திருச்சபையும் எல்லா ஊழியத்தையும் பெண்களுக்குத் திறந்து வைத்துத் தன் முடிவைச் சொல்லிவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை தன் பெண்களுக்கு முதன்முதலாகக் குருப்பட்டம் கொடுத்தது 1994-ல். அதற்கு முன்பே நம் பெண்கள் இங்கே குருப்பட்டம் பெற்றிருந்தார்கள் என்பதைச் சொல்லி முடியுங்கள். பெரியவர்களுக்கு அது பெருமையாக இருக்கும்.

கல்லூரிக்கு அனுப்பும்போது

ஒரு வருடப் பழக்கத்துக்குப் பிறகு ஒருவர் முழுநேர ஊழியத்துக்கு அழைக்கப்பட்டதாக உணர்ந்தால், அந்தப் பாதையைச் சபை தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்பிப்பது; கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். சென்னையில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரில் 1910-ல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி என்று வேறு இடங்களும் உண்டு. பட்டம் வழங்குவது செராம்பூர் கல்லூரியின் செனட். வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே படிக்கும் கிறிஸ்தவக் கல்விப் படிப்புகளும் செராம்பூர் வழியே இருக்கின்றன. கமிட்டி உறுப்பினர்களாகவும் வேதபாட ஆசிரியர்களாகவும் இருக்கப்போகிறவர்களுக்கு அதுவே போதும்.

மாணவிக்குச் சபையின் கையில்தான் மூன்று காரியம் இருக்கிறது. ஒன்று பணம்: கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு நிறுத்தாதீர்கள், ஊருக்கு வந்துபோகும் செலவும் புத்தகச் செலவும் சேர்த்து எழுத்தில் தீர்மானம் போடுங்கள். இரண்டு, விடுமுறையில் அவர் வீட்டு வேலையில் மறைந்துவிடாமல், கோயிலில் பொறுப்பு கொடுங்கள். மூன்றாவதுதான் பலர் மறப்பது: படிப்பு முடியுமுன்பே திருமண்டலத்திடம் நியமனத்தைப் பற்றிப் பேசுங்கள். இறையியல் பட்டம் வாங்கிய பெண்களை விடுதிக் கண்காணிப்பாளராகவும் பள்ளியில் வேதபாட ஆசிரியையாகவும் வைத்துவிட்டு, உடன்படித்த ஆண்களை மட்டும் சேகரத்துக்கு அனுப்புவது நடக்கிறது. அந்த வேலைகள் தாழ்ந்தவை அல்ல. ஆனால் அவர் அழைக்கப்பட்டதும் படித்ததும் எதற்காக?

உதவியின்றி ஒருவரை முன்னே தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஹாங்காங் ஜப்பான் கையில் இருந்தபோது, மக்காவிலிருந்த ஆங்கிலிக்கன் சபைக்குத் திருவிருந்து கொடுக்கக் குருக்கள் யாரும் போக முடியவில்லை. அங்கே டீக்கனாக அகதிகளுக்கு நடுவே ஊழியம் செய்துகொண்டிருந்தவர் ஃபுளோரன்ஸ் லி டிம்-ஒய். ஹாங்காங் பேராயர் ஹால் 1944 ஜனவரி 25 அன்று அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் உலகில் அதுவே முதல். போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. பேராயருக்குச் சங்கடம் வேண்டாம் என்று 1946-ல் அவர் தாமாகவே குருவாகச் செயல்படும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டம் கொடுத்த சபை அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே அவருடைய குருத்துவம் மறுபடி மதிக்கப்பட்டது.

ஐயரம்மா என்று யாரைக் கூப்பிடுவது

சின்ன விஷயம்போலத் தோன்றும். திருநெல்வேலிப் பக்கம் குருவானவர் ஐயர். அவர் மனைவி ஐயரம்மா. சென்னைப் பக்கம் ஆயர், ஆயரம்மா. பெண் குருவானவர் வந்த முதல் ஞாயிறே சபை தடுமாறும். ஐயரம்மா என்றால் அவர் யாருடைய மனைவியோ ஆகிவிடுகிறார். அம்மா என்று மட்டும் அழைத்தால் பதவி போய்விடுகிறது. சில சபைகளில் போதகர் அம்மா என்கிறார்கள், சில இடங்களில் பாஸ்டரம்மா. எது வேண்டுமானாலும் இருக்கட்டும். அவர் வருவதற்கு முந்தைய ஞாயிறே அவரிடம் கேட்டு, அறிவிப்பில் சொல்லி, அழைப்பிதழ்களிலும் பெயர்ப்பலகையிலும் அதையே எழுதுங்கள்.

பெயரைவிடக் கடினமான கேள்வி அதற்குள் இருக்கிறது. ஐயரம்மா என்பது சம்பளமில்லாத ஒரு முழுநேர வேலை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைமை, கல்யாண வீட்டுக்குப் போவது, குருமனைக்கு வருபவர்களுக்குக் காப்பி, பிள்ளைகளுக்குப் பாட்டு. பெண் குருவானவர் வந்ததும் இந்த வேலை முழுவதும் அவர் தலையிலேயே விழுகிறது. ஐயர் வேலையும் ஐயரம்மா வேலையும் ஒரே ஆள் செய்ய, சம்பளம் ஒன்று. கமிட்டி இதை முன்கூட்டியே பிரித்துக் கொடுக்க வேண்டும். சங்கத் தலைமை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் போகட்டும். குருமனையில் காப்பி கிடைக்காவிட்டால் யாரும் செத்துவிடப் போவதில்லை. கணவனும் மனைவியும் இருவருமே குருவானவர்களாக இருந்தால், இருவருக்கும் தனித்தனி நியமனமும் தனித்தனிச் சம்பளமும் வேண்டும்.

இரவு அழைப்புகளுக்கு, பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாக ஸ்கூட்டரில் போகும்படி விடாமல், இரண்டு குடும்பங்களை முறைவைத்து உடன் செல்ல ஒதுக்குங்கள். பிரசவ விடுப்பைச் சபை விதிகளில் எழுதுங்கள். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே நாட்டின் சட்டம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு என்று சொல்கிறது; அந்தச் சட்டம் குருவானவருக்குப் பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்காமல் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாட்களில் அவர் திருவிருந்து கொடுக்கலாமா என்று யாராவது முணுமுணுப்பார்கள். அவர்களுக்குக் கமிட்டியின் மூத்த உறுப்பினர் ஒருவர் நேராகப் பதில் சொல்ல வேண்டும்: அந்தத் தீட்டு கிறிஸ்தவ விசுவாசத்தில் இல்லை. குருவானவரே இதற்குப் பதில் சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளாதீர்கள்.

புகார் சொல்ல ஓர் இடம்

தலைமைக்கு வரும் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பவர்கள் சபைக்குள்ளும் இருப்பார்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்கச் சொல்கிறது. குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்; விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. திருமண்டலத்தில் குழு இருக்கிறதா, உறுப்பினர்கள் யார், தொலைபேசி எண் என்ன என்பதைப் பயிற்சியின் முதல் நாளே பெண்களிடம் எழுதிக் கொடுங்கள். இதை வெளியே சொன்னால் சபைக்கு அவமானம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளைப் பயிற்சிக் குழுவிலிருந்து அன்றைக்கே நீக்குங்கள்.

2013 செப்டம்பரில் நந்தியாலில் எக்கோனி புஷ்பலலிதா பேராயராக அபிஷேகம் பெற்றார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். 1947-ல் பிறந்த திருச்சபைக்கு அந்த நாளை அடைய 66 வருடம் ஆனது. உங்கள் சேகரத்துக்கு அத்தனை வருடம் வேண்டாம். துக்க வீடுகளை நினைத்து எழுதச் சொன்னேனே, அந்தப் பட்டியலிலிருந்து மூன்று பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கை எண்ணும் மேசைக்கு அந்த மூவரையும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.